ஈர அறையும் மின்விசிறியும்

நெய்வேலியில் பூமியை அகழ்ந்து எடுக்கும் பழுப்பு நிலக்கரியை வெட்டிய கையோடு நிறுத்துப் பார்த்தால், அதன் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீராகவே இருக்கும். அந்த ஈரத்தையும் சேர்த்தே கொதிகலனில் இட்டு எரித்து ஒரு யூனிட் மின்சாரம் பெறுவதற்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நிலக்கரி செலவாகிறது. 75 வாட் கொள்ளும் சாதாரண மின்விசிறி அந்த ஒரு யூனிட்டைக் கொண்டு ஏறத்தாழப் பதின்மூன்று மணி நேரம் சுழலும். ஆகவே, மாலை ஆறு மணிக்குப் போட்ட விசிறியை மறுநாள் காலை ஏழு மணிக்கு நிறுத்துகிற ஒரு வீட்டுக்காரர், ஒரு கட்டி நிலக்கரியைக் கரைத்து, அரைக் கிலோ தண்ணீரையும் ஆவியாக்கி ஆகாயத்துக்கு அனுப்பிவிடுகிறார் என்று கணக்குச் சொல்லலாம். இவ்வாறு நீரை விரட்டிப் பிறந்த மின்சாரத்தால் ஓடுகிற அதே விசிறி, வீட்டுக்குள் ஊறும் ஈரத்துக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் மூன்று நான்கு மழைக்காலங்களுக்குள் முனகிக்கொண்டு நின்றுவிடுமானால், அதன் காரணத்தைச் சற்று நிதானமாக விசாரிப்பது வீண் வேலையாகாது.

இந்த ஊரின் சரித்திரத்திலேயே தண்ணீருக்கு ஒரு பங்கு உண்டு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுத்த பொருள் ஒன்று வெளிப்பட்டதிலிருந்துதான் கதை ஆரம்பமாகிறது. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதத்தில் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, 1961-இல் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தென்பட்டு, 1962-இல் சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிய வரையிலான அந்த ஆண்டுகளில், பொறியியலாளர்களுக்குப் பெருஞ்சோதனையாக இருந்தது நிலக்கரிக்கு அடியிலே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர்தான். அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் பொங்கி உடையாமல் நிற்கும். அந்த முதல் அனல்மின் நிலையம் தன் கடமையை முடித்து 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது; தண்ணீர் இறைக்கும் வேலைக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை.

பூமிக்கு அடியில் உள்ள ஈரத்துக்குப் பம்புகள் உண்டு. மேலிருந்து வரும் ஈரத்தை வீட்டுக்காரரே சமாளிக்க வேண்டும். கடலூர் மாவட்டம் தன் ஆண்டு மழையில் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவக்காற்றிடமிருந்து பெறுகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாட்கள் தொடர்ந்து மேகம் விலகாமல் நிற்கும்போது, கொடியில் போட்ட வேட்டி மூன்றாம் நாளும் காயாமல் நாற்றம் எடுப்பதையும், அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பில் பூஞ்சணம் பூப்பதையும் அறியாத குடும்பம் இங்கே கிடையாது. நெய்வேலி நகரியத்தின் பெருமையாகிய மரச்செறிவு கோடையில் எவ்வளவு சுகமோ, மழைக்காலத்தில் அவ்வளவு சங்கடம்: நிழல் விலகாத சுவர் உலர்வதில்லை; உதிர்ந்த சருகு மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் வாயை அடைத்துக்கொள்கிறது; தளத்தின்மேல் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் கரையைக் கடந்த தானே புயல் இந்தப் பகுதியின் மரங்களை ஏராளமாகச் சாய்த்தபோது பலர் கண்ணீர் விட்டார்கள். அவர்களில் சிலர் அடுத்த மழைக்காலத்தில், வெயில் படத் தொடங்கிய சுவர் காய்ந்திருப்பதைக் கண்டு, மனத்துக்குள் ஒரு சிறு சமாதானமும் அடைந்திருக்கக்கூடும்.

இத்தகைய அறைக்கு விசிறி வாங்கக் கடைக்குப் போகிறவர் எதைக் கேட்கிறார்? முதலில் நிறத்தைக் கேட்கிறார். பிறகு இறக்கை மூன்றா நான்கா என்று கேட்கிறார். விவரம் தெரிந்தவராயின் எத்தனை வாட், எத்தனை நட்சத்திரம் என்றும் கேட்கிறார். இவையெல்லாம் நியாயமான கேள்விகளே. ஆனால் ஈர அறையில் தொங்கும் விசிறி கெட்டுப்போவது பெரும்பாலும் இறக்கையினால் அன்று; இறக்கைக்கு மேலே, கூரையை ஒட்டி, யாரும் ஏறிட்டுப் பார்க்காத இடத்தில்தான் அதன் நோய் தொடங்குகிறது. ஆதலால் விசிறியைத் தேர்ந்தெடுக்கும் காரியமும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

விசிறி தொங்கும் முறையைக் கவனியுங்கள். காங்கிரீட் தளத்தில் பதித்த இரும்புக் கொக்கி. அதில் ரப்பர் உருளையோடு மாட்டிய கவ்வி. கவ்வியிலிருந்து இறங்கும் குழாய். குழாயின் அடியில் மோட்டார். கொக்கியையும் கவ்வியையும் மறைப்பதற்காகக் கூரையை ஒட்டி ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதன் வாய் மேல்நோக்கி இருக்கிறது. வயர்களை இணைக்கும் கட்டையும், பல விசிறிகளில் கண்டன்சரும், அந்தக் கிண்ணத்துக்குள்ளேதான் குடியிருக்கின்றன. கூரையில் கசிவு இருந்தால், தண்ணீர் காங்கிரீட்டுக்குள் வழி தேடி, கொக்கியின் கம்பி நுழைந்த இடத்தையே சுலபமான வாசலாகக் கண்டு, அதன் வழியே இறங்கி, அந்தக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது. கிண்ணத்துக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள சந்து வழியாக ஒரு பங்கு வெளியே ஒழுகும். அதைக் கண்டாலாவது வீட்டார் விழித்துக்கொள்வார்கள். மற்றொரு பங்கோ குழாயின் உட்புறமாக வயரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. விசிறி மோட்டாரின் நடுத்தண்டு உள்ளீடற்றது. குழாய்க்குள் வரும் வயர் அதன் வழியாகத்தான் காயிலுக்குப் போகிறது. ஆகவே வயருக்கென்று வைத்த பாதை தண்ணீருக்கும் பாதையாகிவிடுகிறது.

நெய்வேலியை அடுத்த மந்தாரக்குப்பத்தில் தெரிந்தவர் ஒருவருடைய வீட்டில் புதிதாக வாங்கிய விசிறி இரண்டாவது மழைக்கே நின்றுபோனபோது, அந்த வீட்டு அம்மாள் கம்பெனியை வாயார வைதுகொண்டிருந்தார்கள். ஏணிமேல் நின்ற எலக்ட்ரீஷியன் இளைஞர் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி, இரண்டு கையாலும் அதைத் தாங்கி மெல்லக் கீழே இறக்கினார். "அம்மா, ஃபேன்மேல தப்பில்லீங்க. இதக் கொஞ்சம் பாருங்க" என்று அவர் நீட்டியபோது, அதன் அடியில் துரு கலந்த செந்நீர் இரண்டு கரண்டியளவு இருந்தது, அதில் ஒரு பல்லியின் வாலும் கிடந்தது. "மொதல்ல மாடிய ஒட்டுங்க, அப்புறம் நான் வர்றேன்" என்றார் அவர். அம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும், வருகிற கூலியை வேண்டாமென்று தள்ளிவிட்டு இப்படிச் சொல்லும் தொழிலாளி கிடைப்பது அபூர்வம் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் சொன்ன வரிசைதான் சரியான வரிசை. முதலில் மொட்டைமாடி. நம் பக்கத்து வழக்கப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளத்தின்மேல் தட்டோடு பதித்திருந்தால், ஓடுகளின் இடைவெளிச் சாந்து பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்து அடைக்கவேண்டும். நீர் வழியும் குழாயின் வாயில் சருகு தங்காமல் சல்லடை வைக்கவேண்டும். அடுத்தது கொக்கி. அது வழக்கமாக 10 அல்லது 12 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி. தளத்தின் இரும்புக் கட்டோடு பிணைத்து வார்க்கப்பட்டது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுகிறது. பெருகிய துரு சுற்றியுள்ள காங்கிரீட்டை உள்ளிருந்தே நெம்பிப் பிளக்கிறது. கொக்கியைச் சுற்றிலும் காரை உப்பியிருந்தாலும், பழுப்புக் கறை படர்ந்திருந்தாலும், வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும், குச்சியால் தட்டும்போது பொள்ளலான ஓசை கேட்டாலும், அங்கே எந்த விசிறியையும் மாட்டக்கூடாது. நாலு கிலோ எடையுள்ள பொருள் நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுக்குமேல் சுழன்றுகொண்டு, உறங்குகிறவர்களின் தலைக்கு மேலே தொங்குகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இதில் கஞ்சத்தனம் செய்ய மனம் வராது. கம்பி தேய்ந்து இளைத்திருந்தால், கட்டடம் தெரிந்தவரைக் கொண்டு நல்ல காங்கிரீட் உள்ள வேறிடத்தில் புதிய பிடிப்பு வைத்துக்கொள்வதே அபாயமற்ற வழி. கவ்வியின் போல்ட்டுக்கு நட்டும், நட்டு கழலாமல் இருக்க அதன் நுனியில் பிளவு ஊசியும் இருக்கவேண்டும். அந்த ஊசிதான் பெட்டியிலேயே தொலைந்துபோகிற சாமான். அதற்குப் பதிலாக ஒரு துண்டு கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. துருப்பிடிக்கிற அறையில் கட்டுக்கம்பியை நம்பவே கூடாது.

இவ்வளவும் ஸ்திரமான பிறகுதான் விசிறியின் தராதரம். மோட்டாருக்குள் ஈரம் தாக்கும் இடங்கள் மூன்று. பேரிங் முதலாவது. எஃகுக் குண்டுகளுக்கு இடையிலுள்ள கிரீஸில் நீராவியும் சாம்பல் தூசியும் கலந்தால் அது பசையாகி, விசிறி முதலில் 'கிர்ர்' என்றும் பிறகு 'கடகட' என்றும் பேசத் தொடங்கும். இருபுறமும் மூடிய பேரிங் உள்ள விசிறியையே கேட்டு வாங்கவேண்டும். பழையதற்குப் பேரிங் மாற்றும்போது தகட்டு மூடியைவிட ரப்பர் மூடி உள்ளதைப் போடச் சொல்வது ஈர அறைக்கு உசிதம். இரண்டாவது காயில். செப்புக் கம்பியின்மேல் பூசிய வார்னிஷும், கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே வைத்த காகிதமும் ஈரத்தை உறிஞ்சினால், மின்சாரம் தன் வழியை விட்டு விசிறியின் உடலுக்குக் கசிகிறது. மூன்றாவது கண்டன்சர். 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும் அந்தச் சிறு டப்பாவின் சக்தி குறையக் குறைய, விசிறியின் வேகமும் குறைகிறது. வோல்டேஜ் இல்லை என்று மின்சாரத்தைக் குறை கூறுகிறவர்களில் பாதிப் பேருடைய வீட்டில் குற்றவாளி இந்த டப்பாதான். நூறு ரூபாய்க்குள் முடிகிற வைத்தியம் இது. இதற்காகப் புது விசிறி வாங்கத் துணிகிறவர்கள் மேல் எனக்கு இரக்கமே உண்டாகிறது.

இறக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியம் உத்தமம், பிளாஸ்டிக்கும் தாழ்வில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இறக்கை, பார்வைக்கு எவ்வளவு சிங்காரமாக இருந்தாலும், ஈரத்தில் ஊதி நுனி தொங்கிவிடும். அவ்வாறு ஒன்று தொங்கினால் எடை மாறி, விசிறி முழுவதும் ஆடத் தொடங்கி, நாம் முன்னே பார்த்த கொக்கிக்கும் கவ்விக்கும் வினையாக முடியும். ஒரு விசிறியின் இறக்கைகள் எடை பார்த்துச் சேர்த்தவை. ஒன்று வளைந்தால் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே முறை. நெய்வேலியில் இறக்கையின் முன்விளிம்பில் படிகிற கரிய கோடு எல்லோருக்கும் தெரியும். அந்த விளிம்புதான் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் செல்வதால், காற்றிலுள்ள நிலக்கரிப் பொடியும் சாம்பலும் அங்கே மோதி ஒட்டுகின்றன. ஈரம் சேர்ந்தால் மெழுகியதுபோல் இறுகிவிடும். சுவிட்சை அணைத்து, பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் ஒரு முறை துடைத்தால் போதும். தண்ணீரை வாரி அடித்துக் கழுவுகிற உற்சாகம் வேண்டாம்.

சாரல் வீசும் வராந்தாவுக்கும் முகப்புக்கும் வீட்டுக்குள் மாட்டும் சாமானிய விசிறி பொருந்தாது. மின்சாதனங்களின் மூடல் எவ்வளவு இறுக்கமானது என்பதை ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கங்களால் குறிப்பது சர்வதேச வழக்கம். இந்தியத் தர நிர்ணயத்திலும் அதுவே அனுசரிக்கப்படுகிறது. முதல் இலக்கம் தூசி முதலிய திடப்பொருள்களைத் தடுக்கும் அளவையும், இரண்டாவது இலக்கம் தண்ணீரைத் தடுக்கும் அளவையும் சொல்கின்றன. ஐ.பி. 44 என்றால் எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். 55 என்றால் தூசியும் உள்ளே போய்க் கெடுக்காது, குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும் பொறுக்கும். அமெரிக்காவில் இதை இன்னும் எளிதாக்கி, ஈரக்காற்று மட்டும் படும் இடத்துக்கு ஒரு முத்திரை, மழையே நேராகப் படும் இடத்துக்கு வேறொரு முத்திரை என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நம் கடைகளில் இந்த இலக்கம் பெட்டியின்மேல் அச்சிட்ட விசிறிகள் குறைவு. விற்பவர் வாய்ச்சொல்லாக "எல்லாம் தாங்கும் சார்" என்றால், அச்சில் காட்டும்படி கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

சமையலறையிலும் குளியலறையிலும் கதை வேறு. மின்விசிறி அறையைக் குளிரச் செய்வதில்லை. அறையில் இருப்பவரின் வியர்வையை உலர்த்தி அவருக்குக் குளிர்ச்சி தருகிறது, அவ்வளவுதான். அறையிலுள்ள நீராவியை அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகுமேயன்றி, வெளியேற்றாது. அப்பளம் பொரிக்கிற எண்ணெய்ப் புகையும் குக்கரின் ஆவியும் மேலே நிற்கும்போது அவற்றைத் தலையில் இறைத்துவிடும் விசிறியால் அடுப்பு அணையுமே தவிர அறை உலராது. அங்கே வேண்டியது சுவரில் பதிக்கும் எக்ஸாஸ்ட் விசிறி, குளியலறைக்கும் அதுவே. அது வேலை செய்யக் கதவின் அடியில் காற்று நுழையச் சிறிது சந்து இருக்கவேண்டும். காற்று உள்ளே வர வழியில்லாமல் கதவை இறுக அடைத்துவிட்டு, விசிறி ஒன்றையும் இழுக்கவில்லை என்று குறைப்படுவோர் அனேகர். சமையலறையில் விசிறியும் இருந்தே தீரவேண்டும் என்றால் 600 அல்லது 900 மில்லிமீட்டர் அளவுள்ள சிறியது போதும். அதையும் அடுப்பிலிருந்து விலக்கி மாட்டிக்கொள்ளலாம். படுக்கையறை, கூடங்களுக்கு 1,200 மில்லிமீட்டர் வழக்கமான அளவு. இறக்கை தரையிலிருந்து எட்டடிக்குக் கீழே இறங்காமலும், கூரையிலிருந்து ஓரடியாவது விலகியும் இருப்பது நல்லது. கூரையை ஒட்டிய விசிறிக்கு மேலிருந்து காற்று கிடைப்பதில்லை.

இப்போது எங்கும் பேச்சாக இருக்கும், பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டது. வாட் ஒன்றுக்கு எவ்வளவு காற்றைத் தருகிறது என்பதே அந்த நட்சத்திரத்தின் அடிப்படை. பழைய விசிறி 75 வாட் எடுத்த இடத்தில் பி.எல்.டி.சி. விசிறி ஏறக்குறைய முப்பது வாட்டில் காரியத்தை முடிக்கிறது. நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகிற வீட்டில் மாதத்துக்கு இருபது யூனிட் மிச்சமாகும். இந்தச் சிக்கனத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அதன் உயிர் ஒரு மின்னணுப் பலகையில் இருக்கிறது; ஈரமும் சாம்பலும் சேர்ந்து அந்தப் பலகையின்மேல் படிந்தால், நேர்த்தியான அந்தச் சாதனம் ஒரே இரவில் ஊமையாகிவிடும். பழைய மோட்டாரோ, வீணாக்கும் மின்சாரத்தின் சூட்டினாலேயே தன் காயிலை ஓரளவு உலர்த்திக்கொள்ளும். ஆகையால் காய்ந்த கூடத்துக்குத் தாராளமாகப் புதியதை வாங்கலாம். ஈர அறைக்கு வாங்குவதாயின், பலகைக்கு ஈரந்தாங்கும் பூச்சு உண்டா, அது கெட்டால் தனியே கிடைக்குமா, உத்தரவாதம் எத்தனை வருஷம் என்று கேட்டுக்கொண்டு வாங்கவேண்டும். அதற்குப் பழைய ரெகுலேட்டர் பொருந்தாது என்பதையும் மறக்கக்கூடாது.

காயில் எரிந்த பழைய விசிறியைத் திரும்பக் கட்டுவதா, தூக்கிப் போடுவதா என்பது குடும்பத்துக்குள் வாக்குவாதத்தை உண்டாக்கும் பிரச்சினை. வார்ப்பிரும்பு உடலோடு முப்பது வருஷம் ஓடிய விசிறியின்மேல் பெரியவர்களுக்குள்ள வாஞ்சை எனக்குப் புரியாததன்று. காய்ந்த அறையில் தொங்குவதாயின், செப்புக் கம்பியே போடுகிற நம்பிக்கையான பட்டறையில் கொடுத்துக் கட்டிக்கொள்ளலாம். ஈர அறையில் எரிந்ததை மறுபடியும் கட்டி அதே கொக்கியில் மாட்டுவது, காசைக் கொடுத்து அதே நோயை வாங்குவதாகும்.

கடைசியாக உயிர் சம்பந்தமான விஷயம். ஈர அறையில் விசிறியின் உடலுக்கு மூன்றாவது வயராகிய எர்த் கட்டாயம் வரவேண்டும். பழைய வீடுகளில் கூரைப் புள்ளிக்கு இரண்டு வயர் மட்டும் ஓடியிருப்பது சர்வசாதாரணம். மாற்றும் சமயத்திலேயே மூன்றாவதையும் இழுத்துவிடவேண்டும். மெயின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இருந்தால் இன்னும் நிம்மதி. மழை பெய்தால் மட்டும் அது அடிக்கடி விழுகிறது என்று சலித்துக்கொண்டு, அதையே கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அது விழுவதே எங்கோ ஈரம் புகுந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. ஊருக்குப் போய் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைக் கார்த்திகையில் திறப்பவர்கள், வந்ததும் வராததுமாக சுவிட்சைத் தட்டாமல், மெயினை அணைத்துவிட்டு விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்து, கூரையில் கறை இருக்கிறதா என்று நோக்கி, சந்தேகம் இருந்தால் மெக்கர் கருவி வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு காப்புத்தடையை அளந்தபின் ஓட்டுவது நல்லது.

இந்த வேலைகளுக்கெல்லாம் தக்க காலம் ஆவணி, புரட்டாசி. தளம் காய்ந்திருக்கும், ஒட்டிய சாந்து இறுக நாள் கிடைக்கும், எலக்ட்ரீஷியனும் கூப்பிட்ட அன்றே வருவார். முதல் புயல் சின்னம் உருவான செய்தி வந்துவிட்டால், நகரியத்தில் வட்டத்துக்கு வட்டம் அவரைத் தேடி ஆள் வந்துகொண்டிருக்கும். பிறகு அவர் சொல்கிற நாள்தான் நாள்.